பதினாறில் இரண்டைக் காணோம்

என் விசிட்டிங் கார்டில் ‘துப்பறியும் நிபுணர்’ என்று போட்டிருக்கிறது. ‘துப்பறிபவர்’ என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தேன். கார்டில் இடம் மிச்சமிருக்கிறதே என்று அச்சகத்துக்காரர் என்னை நிபுணர் ஆக்கிவிட்டார்.

அந்த நிபுணர் அன்று பிற்பகல் மூன்று மணிக்குத் தன் மச்சினியின் மேஜைக்கு அடியில் தவழ்ந்துகொண்டிருந்தார்.

“அத்தான், தலை...” என்றாள் மச்சினி.

இடித்துக்கொண்ட பிறகுதான் அது என் காதில் விழுந்தது. மூக்குக் கண்ணாடி நழுவியது. பிடித்துக்கொண்டேன். அதன் இடது கால் ஏற்கெனவே உடைந்து, சிவப்பு டேப் சுற்றித்தான் நின்றுகொண்டிருந்தது. இன்னொரு அடியைத் தாங்காது.

“கண்ணாடிக்குக் கட்டு, தலைக்கு வீக்கம்,” என்றான் வாசலில் சாய்ந்து நின்ற என் உதவியாளன். “கேஸ் முன்னேறுது பாஸ்.”

இவன் பெயரை யாரும் சொல்வதில்லை. ஊர் முழுக்கத் தந்தி என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சு அவ்வளவு சுருக்கம். ஆனால் அந்தச் சுருக்கத்துக்குள் என்னை ஒரு வாரு வாராமல் விடமாட்டான். பன்னிரண்டு வருடமாக என்னோடு இருக்கிறான். ஏன் இருக்கிறான் என்பதை மட்டும் நான் இன்னும் துப்பறியவில்லை.

விஷயம் இதுதான். மச்சினிக்குத் தொழில் சமையலறை வரைவது. வாடிக்கையாளர் வீட்டு அளவை வாங்கிவந்து, அலமாரி, இழுப்பறை, குழாய் வரைக்கும் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் கட்டி, திரையில் சுற்றிச் சுற்றிக் காட்டுவாள். கம்ப்யூட்டருக்கு வயது ஒன்பது. திரையில் ஒரு அலமாரிக் கதவு திறக்க ஆரம்பித்தால், அது திறந்து முடிப்பதற்குள் தச்சர் நிஜக் கதவையே செய்து மாட்டிவிடலாம்.

புதுசு வேண்டாம், உள்ளே இரண்டு சாமான் மாற்றினால் இன்னும் நாலு வருடம் ஓடும் என்று கடையில் சொன்னார்கள். படத்தை வேகமாகக் காட்ட ஒரு கிராபிக்ஸ் கார்டு. பழைய மெமரியை எடுத்துவிட்டு எட்டு ஜிபியில் இரண்டு, ஆக மொத்தம் பதினாறு. மூன்று நாளைக்கு முன் வேலை முடிந்து கம்ப்யூட்டர் வீடு வந்து சேர்ந்தது. கதவு இன்னும் பழைய வேகத்தில்தான் திறந்துகொண்டிருந்தது.

“இங்க பாருங்க அத்தான்.” மச்சினி திரையில் ஒரு வரியைத் தொட்டாள். “பதினாறு போட்டோம்னாங்க. எனக்குக் கிடைக்கிறது பதினாலுன்னு காட்டுது. ரெண்டைக் காணோம். கார்டும் டூப்ளிகேட்டாத்தான் இருக்கணும். பேர் என்னவோ புதுசுன்னுதான் வருது. பேரை யார் வேணும்னாலும் மாத்தி வைக்கலாமாம்.”

“கடையில கேட்டியா?”

“கேட்டேன். முதலாளி கோபமாயிட்டார். என் மேல இல்லே, மெக்கானிக் மேல. இன்னைக்குக் கடை சாத்துறதுக்குள்ள, ஆறு மணிக்குள்ள, விஷயம் தெளிவாகலேன்னா அந்த அம்மாவை வேலையை விட்டு அனுப்பிடறேன்னுட்டார்.” கொஞ்சம் குரல் இறங்கியது. “பதினோரு வருஷமா அங்க வேலை பார்க்கிறாங்களாம். திருடலேன்னா பாவம் அத்தான். அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன்.”

நான் மறுபடி குனிந்து கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கவாட்டைப் பார்த்தேன். பின்பக்கம் சுவரோடு ஒட்டியிருந்தது, அதனால் தெரியவில்லை. மூடியின் ஸ்க்ரூ மேல் கடையின் கேரண்டி ஸ்டிக்கர் கிழியாமல் முழுசாக இருந்தது.

எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, இந்த மாதிரி நேரத்துக்கென்றே வைத்திருக்கும் குரலில் சொன்னேன். “சீல் உடையலே. அப்படின்னா பெட்டியை வெளியில யாரும் திறக்கலே. திருட்டு நடந்தது கடைக்குள்ளதான்.”

“வழியில?” என்றான் தந்தி.

“வழியில வாய்ப்பே இல்லே. கடையிலேர்ந்து தூக்கிட்டு வந்து, மாடியேத்தி, வயர் எல்லாம் மாட்டிக் குடுத்தது யாருன்னு நினைக்கிறே? நான்தான்.”

தந்தி ஒன்றும் சொல்லவில்லை. அவன் ஒன்றும் சொல்லாவிட்டால் நான் யோசிக்க வேண்டும். யோசிக்கவில்லை.

கம்ப்யூட்டர் கடை நடந்து போகிற தூரத்தில்தான். வரிசையாக ஏழெட்டுக் கடைகள், எல்லாமே கம்ப்யூட்டர், பிரிண்டர், செல்போன் ரிப்பேர். ஒரு கடையில் திருடி என்று பெயர் வாங்கினால் அந்த வரிசையில் வேறு எந்தக் கடையிலும் ஸ்டூல் போடமாட்டார்கள். வேறு தெருவுக்குப் போய்ப் பிழைக்க வேண்டியதுதான்.

மெக்கானிக் கடையின் பின்பாதியில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். எதிரே ஒரு பலகையில் ஆணியடித்து, திருப்புளிகளைச் சின்னதிலிருந்து பெரிசு வரை வரிசையாக மாட்டியிருந்தார். மேஜை மேல் ஒரு தூசி இல்லை. திருடுகிறவர்கள் மேஜையை இப்படித்தான் வைத்துக்கொள்வார்கள் என்று எனக்குத் தோன்றியது. மேஜை குப்பையாக இருந்திருந்தால் அதற்கும் இதையே நினைத்திருப்பேன்.

முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார். “வாங்க சார். நீங்க வரீங்கன்னு உங்க மச்சினி போன்ல சொன்னாங்க. நீங்களே கேளுங்க. காலையிலேர்ந்து நான் கேட்டு அலுத்துட்டேன்.”

நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேஜையை ஒரு சுற்று சுற்றினேன். சுவரும் மேஜையும் ஒட்டியிருந்ததால் பாதிச் சுற்றோடு திரும்பிவர வேண்டியதாயிற்று.

“நேரடியாவே கேட்கிறேன். பதினாறுல ரெண்டு எங்கே?”

மெக்கானிக் அக்கா நிமிர்ந்தார். அழுத கண்கள். ஆனால் பார்வையில் கோபம் மட்டும்தான். “மெஷின்ல எவ்வளவு காட்டுது?”

“பதினாலு.”

“பதினாலா? எட்டு இல்லையே?”

“நல்லா கேட்டுக்குங்க, பதினாலு. எண்ணத் தெரிஞ்சவன்தான் நான்.”

அவர் முகம் மாறியது. இழுப்பறையைத் திறந்து விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டை ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

“இதான் மெமரி. ஒண்ணு எட்டு ஜிபி. அந்த மாதிரி ரெண்டு போட்டிருக்கேன். நான் திருடணும்னா இதுல ஒண்ணை எடுப்பேன். அப்போ எட்டு காட்டும். ரெண்டையும் எடுத்தா மெஷினே கிளம்பாது. இதுலேர்ந்து ரெண்டை மட்டும் எப்படி சார் எடுக்கிறது? கடிச்சா?”



“ஓரத்துல கடிக்கலாம்,” என்றான் தந்தி. “பல்லு முக்கியம்.”

நான் அந்தப் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூன்று மணியிலிருந்து பதினாறு, பதினான்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவன், மெமரி எட்டு எட்டாகத்தான் வரும் என்பதை அதுவரை யோசிக்கவே இல்லை. முட்டை திருடன் அரை முட்டையை விட்டுவிட்டுப் போகமாட்டான். நான் மட்டும் அரை முட்டைத் திருடனைத் தேடிக் கிளம்பியிருந்தேன்.

“அப்போ அந்த ரெண்டு எங்கே?” என்றார் முதலாளி.

“உள்ளேயேதான் இருக்கு அண்ணே. அந்தப் பழைய போர்டுலேயே படம் காட்டுறதுக்குன்னு சின்னதா ஒரு ஏற்பாடு உண்டு. அதுக்குச் சொந்த மெமரி கிடையாது. வேலை செய்யணும்னா மெஷின் மெமரியிலேர்ந்து ரெண்டை எடுத்துக்கும். இப்போ ரெண்டு குறையுதுன்னா, அதுதான் வேலை செய்யுது. புதுக் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கு.”

“ஏன் சும்மா உட்காருது?”

“மானிட்டர் வயரைக் கார்டுல மாட்டாம, பழைய ஓட்டையிலேயே மாட்டியிருப்பாங்க.”

முதலாளி திரும்பி என்னைப் பார்த்தார். நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின்னால் தந்தி. அவன் தன் பங்குக்குத் திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

மச்சினிக்குப் போன் போட்டேன். பெட்டியை முன்னால் இழுத்து, மானிட்டர் வயர் எதில் மாட்டியிருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். மேலே இருக்கிற ஓட்டையில் என்றாள். கீழே படுக்கை வசத்தில் இன்னொரு வரிசை இருக்கும், அதில் மாட்டு என்று மெக்கானிக் அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். இரண்டு நிமிடம் கழித்து மச்சினி கத்தியது, போன் இல்லாமலே கேட்டிருக்கும்.

“அத்தான்! கதவு திறக்குது! பதினஞ்சு கதவும் ஒண்ணா திறக்குது!”

கேஸ் முடிந்தது என்று நினைத்து, கை குலுக்குவதற்காக நீட்டினேன். முதலாளி கையைத் தரவில்லை.

“திருட்டு இல்லே, சரி,” என்றார். “ஆனா பேர் கெட்டுதா இல்லையா? காலையிலே அந்தப் பொண்ணு போன்ல கத்தினப்போ இங்க நாலு கஸ்டமர் நின்னாங்க. அதுல ரெண்டு பேர் மெஷினைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டாங்க. எதுல மாட்டணும்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தா இது வந்திருக்குமா?”

“சொன்னேன் அண்ணே. இந்த சார்தான் வந்து எடுத்துட்டுப் போனார். ஓட்டிக் காட்டினேன். கீழே மாட்டுங்கன்னும் சொன்னேன். அவர் போன்ல இருந்தார்.”

“சொன்னாங்களா சார்?”

நான் நினைவுபடுத்திப் பார்த்தேன். அன்றைக்குப் போனில் என் மனைவியோடு, நான் பேசுவதை யாருமே கவனிப்பதில்லை என்று விவாதித்துக்கொண்டிருந்தேன். “எனக்கு அப்படி யாரும் சொன்னதா ஞாபகம் இல்லையே,” என்றேன்.

“அதுவும் போக,” மெக்கானிக் அக்காவின் குரல் உயர்ந்தது, “சில போர்டுல கார்டு போட்டதும் பழைய ஓட்டை தானா அடைஞ்சிடும். தப்பா மாட்டினா படமே வராது, உடனே தெரிஞ்சிடும். இந்த போர்டு ரெண்டுலேயும் படம் காட்டும். அதனால நான் எந்த மெஷினா இருந்தாலும் பழைய ஓட்டை மேல டேப் ஒட்டி, எழுதித்தான் அனுப்புவேன். ஒருத்தர் ஒரு வருஷம் தப்பா மாட்டி ஓட்டினதுலேர்ந்து இதுதான் என் பழக்கம். இதுக்கும் ஒட்டினேன்.”

“டேப் இருந்ததா சார்?” என்றார் முதலாளி.

“டேப்பா? நான் எந்த டேப்பையும் பார்க்கலே.”

முதலாளி மெக்கானிக் அக்காவிடம் திரும்பினார். “கேட்டியா? துப்பறியிறவரே பார்க்கலேங்கறார். டேப்பைக் காட்டு, உன் ஸ்டூல் உனக்கு. இல்லேன்னா ஆறு மணிக்குக் கிளம்பு. இதுக்கு மேல பேச ஒண்ணும் இல்லே.”

மணி ஐந்தேகால். நான் மச்சினிக்கு மறுபடி போன் போட்டேன். டேப் இல்லை, அந்த ஓட்டையைச் சுற்றி ஏதோ பசை மட்டும் பிசுபிசுவென்று இருக்கிறது என்றாள். பசை எல்லாப் பழைய பெட்டியிலும்தான் இருக்கும் என்று முதலாளி கல்லாவுக்குப் போய்விட்டார்.

“என்ன கலர் டேப்?” என்று மெக்கானிக் அக்காவைக் கேட்டேன்.

அவர் மேஜை மேலிருந்த டேப் சுருளைக் காட்டினார்.

சிவப்பு.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த விநாடியே தெரிந்துவிட்டது. மூன்று நாள் முன்னால் மச்சினி வீட்டு மாடிப்படியில், பெட்டியை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து ஏறும்போது, கண்ணாடி விழுந்து அதன் மேலேயே மிதித்துவிட்டேன். கண்ணாடி இல்லாவிட்டால் பக்கமோ தூரமோ எல்லாமே எனக்குப் புகைதான். மேஜைக்கு அடியில் கையைவிட்டு, ஒன்பது வருடமாக மானிட்டர் வயர் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தைத் தடவினேன். மேலே ஏதோ ஒட்டியிருந்தது. பேக்கிங் சமாசாரம் என்று பிரித்து, வயரை அழுத்தி மாட்டினேன். டேப் கையில் இருந்தது. கண்ணாடிக் கால் பையில் இருந்தது. என்ன சமயோசிதம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டது கூட நினைவிருக்கிறது.

டேப்பை நான் பார்க்கவில்லை என்பது நூற்றுக்கு நூறு உண்மை. தடவினேன்.

தெரிந்தும் உடனே சொன்னேனா? இல்லை. “கொஞ்சம் வெளியே போய் யோசிச்சுட்டு வரேன்,” என்று நழுவினேன். தந்தி பின்னாலேயே வந்தான். நடைபாதையில் நின்று, என் இடது காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எப்போ தெரிஞ்சது?” என்றேன்.

“சுருளைப் பார்த்ததும். மூணு நாளா கலர் பொருந்தலேன்னு மட்டும்தான் தெரியும்.”

“தந்தி, இப்படிச் செய்தா என்ன? டேப்பைக் கழட்டி மச்சினி வீட்டுக் குப்பைத் தொட்டியிலே போடுவோம். அப்புறம் நானே கண்டுபிடிப்பேன். அந்த அம்மா வேலை பிழைக்கும். என் பேரும் பிழைக்கும்.”

“பிரிச்சது யாருன்னு கேட்பாங்க.”

“தெரியலேன்னு சொல்றது.”

“அந்த வீட்டுல இருக்கிறது மச்சினி ஒருத்திதான் பாஸ்.”

பழி அவள் மேல்தான் விழும். கண்ணாடிக் கதவு வழியாகக் கடைக்குள் தெரிந்தது. மெக்கானிக் அக்கா ஆறு மணி வரை காத்திருக்கவில்லை. பலகையிலிருந்து திருப்புளிகளை ஒவ்வொன்றாக எடுத்து, துடைத்து, ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தார். சின்னதிலிருந்து பெரிசு வரை, அதே வரிசையில். மூன்றாவதை எடுக்கும்போது கை நின்றது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நாலாவதை எடுத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. கேஸில் தோற்றால் வருகிற வெட்கம் எனக்குப் பழகியது, அதோடு உட்கார்ந்து டீ குடிப்பேன். இது வேறு. ஒரு மனுஷி பதினோரு வருடத்தைப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள். அதை நிறுத்துகிற சாட்சி என் காதுக்கும் மூக்குக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. நான் குப்பைத் தொட்டி தேடிக்கொண்டிருக்கிறேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஒருவரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று, திருடி என்ற பேச்சைக் கேட்டவர்கள் இதையும் கேட்கட்டும்.

“டேப் கிடைச்சாச்சு,” என்றேன்.

கண்ணாடியைக் கழற்றினேன். கடை புகையாயிற்று. நகத்தால் நுனியைத் தேடி, சுற்றுச் சுற்றாகப் பிரித்தேன். கடைசிச் சுற்றில் கால் தனியே கழன்று விழுந்தது. கையில் சிவப்பாக ஒரு துண்டு நெளிந்தது. அதில் ஏதோ கறுப்பாக இருப்பதுபோல் இருந்தது. என் தொழில் வாழ்க்கையிலேயே மிக முக்கியமான தடயம் என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்தது. என்னால் அதைப் படிக்க முடியவில்லை.

“தந்தி, படி.”

அவன் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் நீட்டினான். வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு வரியை முழுசாக, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்.

“‘இதில் மாட்டாதீர்கள். கீழே உள்ள கார்டில் மாட்டவும்.’ பக்கத்துல தேதி. ரிப்பேர் நம்பர்.”

முதலாளி வந்து டேப்பை வாங்கிப் பார்த்தார். ரிப்பேர் புத்தகத்தைப் புரட்டி நம்பரையும் தேதியையும் சரிபார்த்தார். இரண்டும் பொருந்தின. “இது உங்க கண்ணாடிக்கு எப்படி சார் வந்துது?”

“நான்தான் பிரிச்சேன். வயரைத் தப்பா மாட்டினதும் நான்தான். அவங்க சொன்னப்போ காதுல வாங்காம போன் பேசினதும் நான்தான். எனக்குத் தெரிஞ்சு ஒரே நாள்ல ஒருத்தன் மேல இத்தனை குத்தமும் நிரூபணமானது இதுதான் முதல் தடவை.” தொண்டையைச் செருமிக்கொண்டேன். “இவங்க தன் வேலையை ஒழுங்கா செஞ்சிருக்காங்க. காலையிலே கேட்டவங்ககிட்ட எல்லாம் இதைச் சொல்லணும். நீங்க சொல்லலேன்னா வரிசையிலே ஒவ்வொரு கடையா நானே போய்ச் சொல்றேன்.”

முதலாளி டேப்பை ரிப்பேர் புத்தகத்துக்குள் வைத்து மூடினார். பிறகு மெக்கானிக் அக்கா பக்கம் திரும்பி, “அந்தப் பையைக் கீழே வைம்மா,” என்றார். அப்புறம் மெதுவாக, “நான் அவசரப்பட்டுட்டேன்,” என்றார்.

ஆணியில் திருப்புளி மாட்டுகிற சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. பார்க்க முடியவில்லை, எண்ணினேன். பதினொன்று.

கடைசியில் என் எதிரே ஒரு புகை உருவம் வந்து நின்றது. “குடுங்க சார்,” என்றது மெக்கானிக் அக்காவின் குரல். கண்ணாடியையும் காலையும் வாங்கிக்கொண்டு போனார். டேப் கிழியும் சத்தம் கேட்டது. பேனா மூடி திறக்கும் சத்தமும் கேட்டது. இரண்டு நிமிடத்தில் கண்ணாடி என் மூக்கில் வந்து உட்கார்ந்தது. ஆடவில்லை, நான் சுற்றியதைவிட எவ்வளவோ உறுதி.

“என்ன எழுதினீங்க?” என்றேன்.

“கேரண்டி சார்.” இப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

தெருவுக்கு வந்ததும் தந்தியிடம் கேட்டேன். அவன் எட்டி என் காதோரம் பார்த்தான். பார்த்துவிட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தான்.

“சொல்லித் தொலையேன்!”

“‘படித்த பிறகே பிரிக்கவும்.’”

ஒன்பது மாதம் ஆகிறது. புதுக் கண்ணாடி வாங்கச் சொல்லி மனைவி தினமும் திட்டுகிறாள். நான் இன்னும் பிரிக்கவில்லை.